நாற்பத்தொன்று

ஒட்ரோகொவிட்ஸெ, நவம்பர்.
மொராவா ஆற்றின் மூடுபனி
சோதனைக்கூடச் சன்னல்வரை வந்து நிற்கிறது.
உள்ளே இரும்பு உருளை சுற்றுகிறது.
அதன்மேல் ஒரு சைக்கிள் டயர்,
டயரின்மேல் நாற்பத்தைந்து கிலோ எடை.
எங்கும் போகாமலே
மணிக்கு முப்பது கிலோமீட்டர்.

ரப்பருக்குக் கடன் கொடுப்பது என் வேலை.
இரும்பைத் தொடும் இடத்தில் நசுங்குகிறது,
விலகியதும் நிமிர்கிறது.
நசுக்க நான் கொடுத்தது பத்து.
நிமிரும்போது அது தருவது எட்டு,
மனசு வந்தால் எட்டரை.
மீதி எங்கே என்று தொட்டுப் பார்த்தால்
சூடாக இருக்கிறது,
பொய் சொல்லி மாட்டிக்கொண்ட பிள்ளையின்
காது மாதிரி.

ஒரு வருடம் அந்த மீதியைத் துரத்தினேன்.
கரிப்புகையைக் குறைத்தேன்:
துகளோடு துகள் உரசி
ஓயாமல் சச்சரவு செய்யும் கூட்டம் அது.
வெள்ளைச் சிலிக்காவைச் சேர்த்தேன்:
அது ரப்பரோடு முகம் கொடுத்துப் பேசாது,
நடுவில் தூது போக ஒரு சிலேன் வேண்டும்.
கந்தகத்தை இம்மி கூட்டினேன், இம்மி குறைத்தேன்.
முப்பத்தெட்டாம் கலவை பிசுபிசுத்தது.
முப்பத்தொன்பது விளிம்பில் வெடித்தது.
நாற்பதைப் பற்றிப் பேச விருப்பமில்லை.
நாற்பத்தொன்றில்
ஊசல் ரப்பர்ப் பொத்தானை மோதி
கிளம்பிய உயரத்துக்கே
ஏறக்குறையத் திரும்பி வந்தது.
பன்னிரண்டு வாட் தின்றுகொண்டிருந்த டயர்
ஒன்பதே முக்காலில் நின்றது.
இரவு இரண்டு மணிக்குத்
தனியாகக் கைதட்டினேன்.

ஹினெக் ரொட்டி சுடுகிறவன்.
மூன்றே காலுக்குக் கிளம்பி
ஸ்லீன்வரை பதினொரு கிலோமீட்டர் மிதிக்கிறவன்.
ஞாயிறுகளில் பந்தயம், எப்போதும் ஏழாவது இடம்.
அவனிடம்தான் கொடுத்தேன் முதல் ஜோடியை.
மாவைப் பார்க்கிற கட்டைவிரலால்
டயரை அமுக்கிப் பார்த்து
“பட்டென்று எழுந்துவிடுகிறதே” என்றான்.
மறுநாள்
“பின்னாலிருந்து யாரோ தள்ளுகிறார்கள், மிலாடா.”

மூன்றாம் வாரம் மழை.
ரயில்வே கேட்டைத் தாண்டிய வளைவு,
ஈரத் தார்.
தாரின் பொடிப் பற்களுக்குள் ரப்பர் அமிழ்ந்து
நிமிருமுன் ஒரு கணம் தயங்க வேண்டும்.
அந்தத் தயக்கத்துக்குத்தான் பிடிமானம் என்று பெயர்.
நான் துரத்தித் துரத்தி
விரட்டியடித்தது அதையும் சேர்த்துத்தான்.
என் உருளையில்
ஒருநாளும் மழை பெய்ததில்லை.

தோள்பட்டை எலும்பு, இரண்டு துண்டு.

ஆஸ்பத்திரிக்கு நாற்பத்துநான்கை எடுத்துப் போனேன்,
ஆரஞ்சுப் பழத்துக்குப் பதிலாக.
“எவ்வளவு?”
“பதினொன்றேகால்.”
“என் ஒன்றரை வாட் எங்கே?”
“உன் தோளில்.”
“எலும்பும் என்னுடையது, வாட்டும் என்னுடையது.
எதை எதற்கு விற்பதென்று
நீ ஏன் முடிவு செய்கிறாய்?”
சிரிக்கப் போய் வலித்து
நர்ஸைக் கூப்பிட்டான்.
எனக்குப் பதில் வரவில்லை.
மன்னிப்புக் கேட்கப் போனவள்
சந்தைக்காரிபோலப் பேரம் பேசிக்கொண்டிருந்தேன்:
முன்னால் நாற்பத்துநான்கு,
பின்னால் வேண்டுமானால் நாற்பத்தொன்று.

இன்றிரவு பூவாளியில் தண்ணீர் எடுத்துவந்து
சுற்றும் உருளைமேல் ஊற்றினேன்.
மின்பிரிவு ப்ளாஷேய்
ஓடிவந்து கத்தின கத்தலில்
காவலாளியின் நாய் எழுந்துகொண்டது.
தண்ணீர் தெறித்துச் சன்னலெல்லாம் வழிந்தது.
எண்கள் தாறுமாறாகக் குதித்தன,
ஒன்றும் அளக்க முடியவில்லை.
ஆனாலும் தாளில் எழுதி வைத்தேன்: மழை.

விடியும்போது வாசல் மேசையில் ஒரு பை.
ஒற்றைக் கையால் பிசைந்த ரொட்டிகள்,
எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து.
இன்னும் ஆறவில்லை.
கூடவே மாவு படிந்த சீட்டு:
“பின்னால் நாற்பத்தொன்று.
ஒப்புக்கொண்டாய்.”